ஆறு மணிக்குத் தொடங்கும் கல்லூரி

மாலைக் கல்லூரியின் வகுப்பறைக்குள் நுழைந்ததும் முதலில் தெரிவது வாசனைதான். லேத்தில் ஊற்றும் கூலன்ட்டின் புளித்த வாடை, பவுண்டரி மணலின் கருகல், அவசரத்தில் தேய்த்த சோப்பு, யாரோ மடித்துக் கொண்டுவந்த வெங்காய போண்டா. எல்லோரும் முகம் கழுவிக்கொண்டுதான் வந்திருப்போம். நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு மட்டும் போகாது. 2012-இல் கோவையில் பகுதிநேர பி.இ. இயந்திரவியலில் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்து நான்கு. எனக்கு இடப்பக்கம் அமர்ந்தவர் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். வயது நாற்பத்து மூன்று. அவருடைய மகள் அதே ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு.

நான் 2007-இல் டிப்ளமோ முடித்தவன். கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் அசெம்பிளியில் தொடங்கி, தரப் பிரிவுக்கு வந்திருந்தேன். ஒவ்வொரு ஆண்டும் கல்லூரி முடித்த கையோடு இரண்டு மூன்று பி.இ. பையன்கள் வருவார்கள். மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது, ராட்செட்டை எத்தனை 'க்ளிக்' வரை திருப்புவது என்று அவர்களுக்கு நான்தான் சொல்லித்தருவேன். ஆறு மாதத்தில் அவர்கள் இன்ஜினியர் ஆகிவிடுவார்கள். என் அறிக்கையில் கையெழுத்துப் போடுவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஆனால் மூன்றாவது முறை அப்படி நடந்தபோது, வீட்டுக்குப் போகும் வழியில் காந்திபுரத்தில் பஸ் மாறாமல் அரை மணி நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். படித்தே ஆகவேண்டும் என்ற முடிவு அங்கேதான் வந்தது. உயர்ந்த இலட்சியம் ஒன்றும் இல்லை, கையெழுத்து ஆசைதான்.

அப்போது எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது ஏ.எம்.ஐ.இ. 1920-இல் தொடங்கப்பட்டு, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்தும் தேர்வு. 'ஏ' பிரிவு, 'பி' பிரிவு என்று இரண்டு கட்டம். வகுப்பு கிடையாது, தானே படித்து எழுத வேண்டும். எங்கள் தலைமுறைக்கு முன்னால் எத்தனையோ டிப்ளமோக்காரர்கள் அதை எழுதித்தான் பொறியாளர் ஆனார்கள். எனக்கு அது ஒத்துவராது என்று தெரியும். தனியாக உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் தூங்கிவிடுகிற ஆள் நான். நல்லவேளையாக அந்தப் பக்கம் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்குத்தான் பட்டத்துக்கு இணை என்ற மத்திய அரசின் அங்கீகாரம் என்று ஆகிவிட்டது.

இரண்டாவது வழி, தபாலில் பி.டெக். எங்கள் கம்பெனியில் எனக்கு ஆறு ஆண்டு மூத்த அண்ணன் ஒருவர் அந்த வழியில் போனார். ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், ஊரில் ஒரு மாடியில் 'படிப்பு மையம்', ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, அச்சடித்த புத்தகங்கள். பட்டமளிப்பு அங்கியில் எடுத்த படத்தை வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதி பெறாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் தந்த பொறியியல் பட்டங்கள் அந்த வழக்கில் வந்தன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் தேறினால் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. அண்ணன் அதற்குப் பிறகு சேர்ந்தவர். படத்தைக் கழற்றினாரா என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டுக்குப் போனால் இப்போதும் சுவரைப் பார்ப்பதைத் தவிர்த்துவிடுகிறேன்.

மூன்றாவது வழி மாலைக் கல்லூரி. கோவையில் இது பழைய வழக்கம். அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சி.ஐ.டி., பி.எஸ்.ஜி. என்று பகலில் நடக்கும் அதே கட்டடங்களில், மாலையில் டிப்ளமோக்காரர்களுக்கு வகுப்பு நடக்கும். மூன்றரை ஆண்டு, ஏழு செமஸ்டர். டிப்ளமோவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்டார்கள். (இந்த ஊரில் கல்லூரி உருவாகக் காரணமாயிருந்த ஜி.டி.நாயுடு, பொறியியலுக்கு நான்கு ஆண்டு வீண், இரண்டு போதும் என்று வாதிட்டவர். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் என் தலைமுடி கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.)

கலந்தாய்வுக்குப் போன அன்றுதான், மதிப்பெண்ணைவிடக் காகிதம் பெரிது என்று புரிந்தது. டிப்ளமோ முடித்ததும் முதல் பதினோரு மாதம் நான் ஒரு சிறிய லேத் பட்டறையில் இருந்தேன். தொழிலைக் கற்றுக்கொண்டதே அங்கேதான். ஆனால் நியமனக் கடிதம் இல்லை, பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. அட்டை இல்லை, வாரச் சம்பளம், கையில் காசு. அந்தப் பதினோரு மாதத்தைக் காட்ட என்னிடம் இருந்தது இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு மட்டும். கம்பெனியில் சேர்ந்த பிறகான ஆண்டுகள் போதுமானவையாக இருந்ததால் தப்பித்தேன். எனக்குப் பின்னால் நின்றவர் தப்பவில்லை. அவருக்கு அனுபவம் ஏழு ஆண்டு. சான்றிதழில் தெரிந்தது பதினெட்டு மாதம். அடுத்த ஆண்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். எந்தச் சிறு பட்டறையில் சேர்ந்தாலும் சரி, சேர்ந்த தேதியும் பதவியும் போட்டு லெட்டர்பேடில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை விட்டு வந்தபிறகு கேட்டால் முதலாளிக்கு நம் முகமே மறந்திருக்கும்.

பெயரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், கம்பெனி அடையாள அட்டையில் முன்னால், பி.எஃப். கணக்கில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நோட்டரியிடம் போய் நின்றேன்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று, தடையின்மைச் சான்று. 'இவர் மாலை வகுப்புக்குச் செல்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று முதலாளி கையெழுத்திட வேண்டும். அவர் நல்ல மனிதர்தான்.

"தம்பி, படிப்பதை யார் வேண்டாம் என்றது? ஆனால் ஐந்தரைக்கு மெஷின் நின்றுவிடுமா?" என்றார்.

"நான் மட்டும் கிளம்பினால் போதுங்க சார். எட்டரைக்குப் பதில் ஏழரைக்கே வந்துவிடுகிறேன்."

கையெழுத்துப் போட்டார். நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அந்த நேரத்தை எழுத்தில் வாங்கவில்லை என்பது அன்று உறைக்கவில்லை. சான்றில் 'ஆட்சேபணை இல்லை' என்று இருந்தது. 'ஐந்தரைக்கு அனுப்புவோம்' என்று எங்கும் இல்லை.

2012 எப்படிப்பட்ட ஆண்டு என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது உற்பத்தி. நாள் முழுக்கப் பட்டறை வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம், மாலை ஐந்து மணிக்கு விளக்கு எரியும், உள்ளே ஓடுவோம். ஐந்தரைக்கு நான் பையைத் தோளில் மாட்டினால் சூப்பர்வைசர் என்னைப் பார்க்க மாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார். முதல் செமஸ்டரில் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு போயிற்று. வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். நான் 71-இல் நின்றேன். மருத்துவச் சான்று, அபராதத் தொகை, துறைத் தலைவர் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம். என்னுடன் சேர்ந்தவர்களில் பாதியில் விட்டவர்கள் பலர். அவர்களில் பாடம் புரியாமல் விட்டவர் என்று ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. ஷிஃப்ட் மாறியது, சூப்பர்வைசர் மாறினார், கிளை மாற்றல் வந்தது என்றுதான் போனார்கள். இந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு என்று ஒன்று உண்டென்றால், அது தினமும் மாலை ஆறு மணிக்கு நடந்தது.

இரண்டாம் செமஸ்டருக்கு முன்னால் முதலாளியிடம் மறுபடி போனேன். இந்த முறை ஒரு தாளோடு போனேன். எந்தெந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், அந்த நேரத்தில் சோதனை மேடையை யார் பார்த்துக்கொள்வார், அவருக்கு ஈடாக நான் எந்த ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தேன். என் இடத்தில் நிற்கச் சம்மதித்தவரின் கையெழுத்தும் அதில் இருந்தது. முதலாளி இரண்டு நிமிடம் படித்துவிட்டு, ஓரத்தில் 'சரி' என்று எழுதித் தந்தார். அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்துக்கொண்டேன்.

படிப்பில் என்னைப் படுத்தியது கணக்குதான். வெளியே வந்து ஐந்து ஆண்டாகியிருந்தது. பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, ஃபூரியர் தொடர் என்று கரும்பலகை நிறைந்துகொண்டே போகும். எனக்கு அங்கே தெரிந்தது சமக்குறி மட்டும். இரண்டு முறை அரியர் விழுந்தது. மீட்டவர் அந்த மின்வாரியக்காரர். வகுப்பு முடிந்து ஒன்பது மணிக்குக் கல்லூரிக்கு எதிரே உள்ள பேக்கரியில் நான்கு பேர் உட்காருவோம். ஆளுக்கு ஒரு டீ, நால்வருக்கும் சேர்த்து ஒரு தேங்காய் பன். அவர் வினாத்தாளைத்தான் முதலில் விரிப்பார்; பாடப் புத்தகம் அதற்குப் பிறகு. பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து பதினாறு மதிப்பெண் கேள்விகள்; ஐந்து அலகு, அலகுக்கு ஒன்று. எட்டு பழைய வினாத்தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு அலகிலும் சுற்றிச் சுற்றி நான்கைந்து வகைக் கணக்குகள்தான் வருகின்றன என்பது தெரிந்துவிடும். ஒரு வாரத்துக்கு ஒரு வகை. அதையும் படிப்பது கிடையாது, எழுதுவதுதான். பேக்கரிக்காரர் இனிப்புப் பெட்டிக்குள் வைக்கும் அட்டையைத் தருவார்; அதன் பின்பக்கத்தில் போடுவோம். வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்களுக்கு இது குறுக்கு வழி என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாள் ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் மட்டுமே கையில் இருப்பவனுக்கு அதற்கு மேல் வழி கிடையாது.

ஆனால் எல்லாப் பாடத்தையும் அப்படிக் கடக்கவில்லை. நீரியக்கவியல் வந்தது.

அந்தச் சமயம் உதகையிலிருந்து ஒரு பம்பு திரும்பி வந்திருந்தது. அதே வாடிக்கையாளர், அதே மாடல், மூன்றாவது முறை. பிரித்துப் பார்த்தால் இம்பெல்லரின், அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தின், இதழ்கள் கறையான் அரித்த மரம்போல் பொத்துப்போயிருக்கும். தொட்டால் விரல் நுனியில் குழிகள் தட்டுப்படும்; ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சல்லடை. ஓடும்போது உள்ளே கூழாங்கல் போட்டு ஆட்டுவதுபோல் சத்தம் வந்ததாக அந்த வாடிக்கையாளர் ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தார். வார்ப்பு சரியில்லை என்று நாங்கள் முடிவுகட்டி, நஷ்டத்தை அவர் கணக்கில் பிடிக்கும் டெபிட் நோட்டைப் பவுண்டரிக்காரருக்கு இரண்டு முறை அனுப்பியிருந்தோம். அதைத் தயாரித்தவனும் நான்தான்.

கேட் பாஸ் போட்டு அந்த இம்பெல்லரைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பேராசிரியர் அதை வாங்கி விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பம்பு எந்த ஊரில் ஓடியது?" என்றுதான் முதலில் கேட்டார். எங்கள் கம்பெனியில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அன்றைய பாடம் அப்படியே மாறிப்போனது. பம்பு தண்ணீரை உறிஞ்சுவதில்லை. வெளியே இருக்கும் காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றுக்குத் தண்ணீரை ஏறக்குறைய 10.3 மீட்டர் தள்ளும் வலு உண்டு. கோவை 411 மீட்டர் உயரம், இங்கே 9.8. உதகை 2,240 மீட்டர். அங்கே எட்டுக்கும் சற்றுக் குறைவு. இதில் குழாயின் உராய்வு கொஞ்சம் தின்னும், தண்ணீரின் ஆவியழுத்தம் கொஞ்சம் தின்னும், பம்புக்கே உள்ளே மூன்று மீட்டர் அளவுக்கு வேண்டும். மீதம் இருப்பதுதான் பம்பைத் தண்ணீருக்கு மேலே வைக்கக்கூடிய உயரம். எங்கள் பம்புக்குக் கோவையில் அது ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. உதகையில் நான்கு சொச்சம். வாடிக்கையாளர் ஐந்தரை மீட்டரில் வைத்திருந்தார். எங்கள் விவரப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. சமவெளிக்கு அது சரி, மலைக்கு இல்லை. அழுத்தம் போதாமல் தண்ணீர் சூடே இல்லாமல் கொதிக்கிறது. எழும் குமிழிகள் இதழின்மேல் போய் உடைகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சுத்தியல் அடி. கூழாங்கல் சத்தம் அதுதான்.

மறுநாள் காலை உதகைக்குத் தொலைபேசியில் பேசி, பம்பை ஒன்றரை மீட்டருக்கும் மேல் கீழே இறக்கி, கிணற்று ஓரத்தில் ஒரு மேடை கட்டி வைக்கச் சொன்னோம். அந்தப் பம்பு அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை. விவரப் புத்தகத்தில் உயரத்துக்கேற்ற ஓர் அட்டவணை சேர்ந்தது. பவுண்டரிக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "இரண்டு டெபிட் நோட்டையும் ரத்து செய்யுங்கள், மன்னிப்பு எதற்குத் தம்பி" என்றார். அதை ரத்து செய்ய நான்கு மாதம் ஆனது.

பகலில் படித்து வரும் பையன்களுக்கும் இதே பாடம்தான், இதே புத்தகம்தான். ஆனால் அவர்கள் பையில் இம்பெல்லர் இருக்காது. வேலையோடு படிப்பவருக்குக் கிடைக்கும் ஒரே சலுகை இதுதான் என்று நினைக்கிறேன். அதனாலேயே பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, இடம் கிடைக்கிறதே என்று வேறு பாடத்துக்குத் தாவாதீர்கள். பம்பு கம்பெனியில் இருந்துகொண்டு சிவில் எடுத்த நண்பர் ஒருவருக்கு மூன்றரை ஆண்டும் இரண்டு வெவ்வேறு உலகங்களாகப் போயின. கடைசி ஆண்டு புராஜெக்டை நான் எங்கள் சோதனை மேடையிலேயே செய்தேன். அவர் அதைக் காசு கொடுத்து வெளியே வாங்கினார்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. நான்காவது செமஸ்டர் நடக்கும்போது திருமணம். ஆறாவது செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் மகன் பிறந்தான். மருத்துவமனை வராந்தாவில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். அதை மனைவி இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார், ஆனால் சொல்கிறார்.

2016-இல் கடைசி அரியரும் போய்ப் பட்டம் வந்தது. வந்த அன்று ஒன்றும் நடக்கவில்லை. அதே நாற்காலி, அதே சம்பளம். முதலாளி இனிப்பு வாங்கித் தந்தார். பட்டம் பெற்றால் என்ன பதவி, எவ்வளவு உயர்வு என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. எட்டு மாதம் காத்திருந்துவிட்டு வேறு கம்பெனிகளில் விண்ணப்பித்தேன். அங்கே இன்னொரு கணக்கு இருந்தது. ஒரு நேர்காணலில், "பட்டத்துக்குப் பிறகு எத்தனை மாத அனுபவம்?" என்றார்கள். ஒன்பது ஆண்டு என்று நான் சொல்ல, அவர் தாளில் எட்டு மாதம் என்று எழுதினார். அடுத்த இடத்தில் நான் பட்டத்தை முன்னால் வைக்கவில்லை. உதகைப் பம்பின் கதையைச் சொன்னேன். அந்த இம்பெல்லரின் படத்தைக் காட்டினேன். தரப் பிரிவில் இன்ஜினியராக எடுத்துக்கொண்டார்கள். இப்போது அறிக்கையில் கையெழுத்து என்னுடையது.

இப்போது கேட்டு வருபவர்களிடம் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். தொலைநிலையில் பி.இ., பி.டெக். தருகிறோம் என்று யார் சொன்னாலும் கிளம்பி வந்துவிடுங்கள். பொறியியலை அப்படி நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிகளில் இடமில்லை. எம்.பி.ஏ. போன்றவற்றைத் தொலைநிலையில் படிக்கலாம். அதற்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் நீங்களே பார்க்க வேண்டும்; மையத்துக்காரர் காட்டும் நகலை நம்பக்கூடாது. அரசு ஊழியராக இருந்தால் சேருவதற்கு முன்பே துறை அனுமதி வாங்கிவிடுங்கள். டிப்ளமோக்காரர்களுக்கு இப்போது ஏ.ஐ.சி.டி.இ. பணியில் இருப்போருக்கென்றே தனியாகப் பட்டப்படிப்பை அனுமதிக்கிறது. உங்கள் பக்கத்தில் எந்தக் கல்லூரிக்கு அந்த அனுமதி இருக்கிறது என்பதைக் கட்டணம் கட்டும் முன் பாருங்கள். மற்றதெல்லாம் ஆறு மணிக் கதைதான்.

போன மாதம் என் பிரிவிலேயே ஒரு தம்பி வந்து நின்றான். டிப்ளமோ, இரண்டரை ஆண்டு அனுபவம். கையில் தடையின்மைச் சான்றின் படிவம். நான் பரிந்துரைத்தால் மேலே போகும்.

"எந்த ஷிஃப்ட்?" என்று கேட்டேன்.

"வாரம் மாற்றி வாரம் இரண்டாவது ஷிஃப்ட் சார். மதியம் இரண்டு முதல் இரவு பத்து."

"வகுப்பு?"

"ஆறு மணிக்கு."

படிவத்தை மேசையில் வைத்துவிட்டு ஷிஃப்ட் அட்டவணையை எடுத்தேன். மூன்றரை ஆண்டுக்கு இவனை முதல் ஷிஃப்டில் நிறுத்த வேண்டும் என்றால், அவ்வளவு காலமும் இரண்டாவது ஷிஃப்டை எடுத்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். இருவரிடம் பேசிவிட்டேன். ஒருவர் முடியாது என்றார். இன்னொருவர், "இரவு வேலைக்கு என்ன தருவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன சொல்வது என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறேன்.